நாய்க்குப் பெயர் வைக்கும்போது தவிர்க்க வேண்டியவை

நாய்க்குட்டி வந்த அன்றே செல்போனில் பெயர் தேட உட்கார்ந்துவிடுகிறோம். படிக்க அழகாக இருக்கிறதா, அர்த்தம் என்ன என்றெல்லாம் பார்க்கிறோம். நாய்க்கு அது காதில் விழும் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

கட்டளைச் சொல்லோடு குழம்பும் பெயரை முதலில் ஒதுக்குங்கள். நாள் முழுக்கத் தமிழ் பேசும் வீட்டிலும் நாயிடம் மட்டும் 'சிட்', 'நோ', 'கம்' என்று ஆங்கிலம்தான். 'ஜோ' என்று பெயர் வைத்துவிட்டு 'நோ' என்று அதட்டினால் அது என்ன செய்யும், பாவம்? புடாபெஸ்ட் ஏத்வஸ் லோராண்ட் பல்கலைக்கழகத்தார் 2020இல் வீட்டு நாய்களின் மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். சம்பந்தமே இல்லாத ஒலியைச் சட்டென்று பிரித்தறிந்த நாய்கள், ஒரே ஒரு ஒலி மட்டும் மாறிய சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாகவே எடுத்துக்கொண்டன. ராணி, ஜானி என்று ஒரே வீட்டில் இரண்டு நாய் இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது, பெரியவர்கள் வாயில் நுழையாத பெயர். பேரன் ஆசையாக 'ஸூஸ்' என்று கிரேக்கக் கடவுள் பெயரை வைப்பான். பாட்டிக்கு அது 'ஜூசு', தாத்தாவுக்கு 'சூசு'. பகலெல்லாம் சோறு போடுவது பாட்டி என்பதால் கடைசியில் ஜூசுதான் நிலைக்கும். மணி, ஜிம்மி, டாமி எல்லாம் ஊரெங்கும் கேட்டுச் சலித்த பெயர்கள்தான். ஆனாலும் இரண்டு மூன்று எழுத்து, யார் சொன்னாலும் சிதையாது. மணி என்ற பெயர்மேல் எனக்குத் தனி மரியாதையே உண்டு.

அப்புறம், பக்கத்து வீட்டுக்காரர் பெயர். "டேய் ரமேஷ், செருப்பைக் கடிக்காதடா!" என்று நீங்கள் கத்தும்போது மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ரமேஷ் சார் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். ராஜபாளையம் குட்டிக்குச் 'சின்னு' என்று வைப்பவர்கள், அது இரண்டு அடிக்கு மேல் உயரும் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

நல்ல பெயரையும் கெடுக்கிற பழக்கம் ஒன்று உண்டு: பெயரைச் சொல்லித் திட்டுவது. ஊசி போட, குளிப்பாட்ட, அடிக்க என்று வேண்டாததற்கெல்லாம் பெயரைச் சொல்லியே கூப்பிட்டால், அதைக் கேட்டதும் நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். முதல் சில நாள் பெயரைச் சொல்லுங்கள், திரும்பிப் பார்த்ததும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். தத்தெடுத்த நாய் பழைய பெயரைக் கேட்டு ஒடுங்கினால் புதுப் பெயரும் இப்படியே பழகிவிடும். வாலை ஆட்டினால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்.