கீழக்கரையிலிருந்து செயின்ட் எமிலியோனுக்கு

பிரான்ஸில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிற நம்ம கீழக்கரை, தொண்டிக்காரர்கள் பாரிஸோடு திரும்பிவிடாதீர்கள். மோன்பர்னாஸ் நிலையத்தில் டிஜிவி என்கிற அதிவேக ரயில் பிடித்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போர்தோ நகரம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள் ஒயினுக்குப் பேர்போன சின்ன ஊரான செயின்ட் எமிலியோன். இறங்கியதும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடை.

குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தே எழுப்பிய தேவாலயம் ஒன்று போதும், அதற்காகவே போகலாம் (1999ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர் இது). வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். உள்ளே குளிரும், பாம்பன் வெயிலில் காய்ந்த உடம்புக்கு ஸ்வெட்டர் கட்டாயம். தெருவெல்லாம் செங்குத்தான கல் சரிவு, மழையில் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஒயின் ருசி பார்க்கிறவர்கள் வாயில் சுழற்றிவிட்டு அங்கே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், செப்டம்பரில் அறுவடை மும்முரம், தோட்டத்துக்குள் போக முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.