கோட் எழுதியவர் சட்டம் சொல்லிக்கொடுக்க வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் சாங்கி பிசினஸ் பார்க்கில் பதினோரு வருடம் கோட், அதாவது கணினி நிரல், எழுதினேன். இப்போது சட்டம் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய டீமில் இருந்த தம்பிகள் அவ்வப்போது தேக்காவுக்குத் தே தாரிக் குடிக்கக் கூப்பிட்டு, "அண்ணே, நானும் மாறலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாக மாறலாம். அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் ப்ரோகிராமராக இருந்த ஜேம்ஸ் கிரிமல்மேன் இன்று சட்டப் பேராசிரியர். சிஸ்கோவில் மென்பொருள் எழுதிய ஹாரி சர்டனும் அப்படித்தான். நான் தடுக்கி விழுந்த இடங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெரிய தவறு, சட்டத்தைக் கோட் மாதிரி படிப்பது. எம்ஆர்டி ரயில் நிலையத்து அறிவிப்பைப் பாருங்கள். புகைத்தால் 1,000 வெள்ளி, சாப்பிட்டால் 500 வெள்ளி அபராதம். துரியான் பழம் கொண்டுவரக் கூடாது என்ற படத்துக்குக் கீழே மட்டும் தொகை எதுவும் இருக்காது. நம் ஆட்களுக்கு உடனே கை பரபரக்கும்: துரியான் கேக் துரியானா? பழம் தின்ற பிறகு வெறும் தோலை எடுத்துப் போகலாமா? இவை நல்ல கேள்விகள்தான். ஆனால் விடையை 'துரியான்' என்ற சொல்லுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. இந்தத் தடை எதற்கு என்று கேட்க வேண்டும். வாசனைக்காக என்றால், காற்றுப் புகாமல் மூடிய டப்பாவைப் பற்றிய பேச்சே மாறிவிடும்.

இது வெறும் பழக்கமல்ல, சட்டமே இப்படித்தான் படிக்கச் சொல்கிறது. சட்ட விளக்கச் சட்டத்தின் 9ஏ பிரிவு, விதியின் நோக்கத்துக்குத் துணைநிற்கும் பொருளையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. 2017இல் டான் செங் போக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு ஒரு வரிசையும் வகுத்தது: சொற்கள் என்னென்ன பொருள் தரும், சட்டத்தின் நோக்கம் என்ன, எந்தப் பொருள் அதற்குப் பொருந்தும். என் முதல் கட்டுரையை நான் ஃப்ளோசார்ட் போல எழுதியிருந்தேன். ஆசிரியர் ஓரத்தில் எட்டு இடங்களில் "ஏன்?" என்று மட்டும் எழுதித் திருப்பித் தந்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இதன் தங்கச்சி தவறு, 'நியாயமான' என்ற சொல்லுக்கு எண் கேட்பது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு 'நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள்' வேண்டும் என்கிறது. தகவலை மறையாக்க எத்தனை பிட் என்க்ரிப்ஷன், மென்பொருள் ஓட்டையை அடைக்க எத்தனை நாளுக்குள் பேட்ச் என்று சொல்வதில்லை. 2018இல் சிங்ஹெல்த் என்ற மருத்துவமனைக் குழுமத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடுபோயின. அடுத்த ஆண்டு அதன் தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த ஐஎச்ஐஎஸ் நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும், சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அபராதம் விழுந்தது. தகவல் எவ்வளவு அந்தரங்கமானதோ அவ்வளவு காவல் வேண்டும் என்பதுதான் அளவுகோல்.

பணம் கட்டுவதில் ஒரு தவறு. எந்த வெளிநாட்டு எல்எல்பி (சட்டப் பட்டம்) இருந்தாலும் இங்கே வழக்கறிஞராகிவிடலாம் என்று நம்பிச் சேராதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களுக்குப் பட்டியல் உண்டு, அதை முதலில் பாருங்கள். வேறு துறைப் பட்டதாரிகளுக்கு சிங்கப்பூர் மேலாண்மைப் பல்கலைக்கழகத்தில் (எஸ்எம்யூ) ஜேடி என்ற சட்டப் படிப்பு இருக்கிறது. பேராசிரியராவது இன்னொரு பாதை. அங்கே உங்கள் ஆய்வுக் கட்டுரைகள்தான் பேசும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, பழைய தொழிலை மறைப்பது. கோட்டும் சூட்டும் போட்ட கூட்டத்தில் "நான் வெறும் டெவலப்பர்" என்று நானும் கூச்சப்பட்டு ஒதுங்கியிருக்கிறேன். குவாய்ன், பி2சி2 வழக்கைப் படித்த அன்றோடு அந்தக் கூச்சம் போனது.

2017 ஏப்ரல் 19. குவாய்ன் நடத்திய கிரிப்டோ சந்தையில், செய்ய வேண்டிய சில மாற்றங்கள் விடுபட்டதால் வெளிச்சந்தை விலை உள்ளே வருவது நின்றது. அங்கே வியாபாரம் செய்த பி2சி2 நிறுவனத்தின் ப்ரோகிராமில், விலைத் தகவல் போதாதபோது ஒரு ஈதர் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு 10 பிட்காயின் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தார்கள். சந்தை விலையைப் போல ஏறத்தாழ 250 மடங்கு அது. இயந்திரங்கள் தங்களுக்குள் வியாபாரத்தை முடித்தன. மறுநாள் குவாய்ன் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்தது, அதாவது வியாபாரமே நடக்காதது போலத் திருப்பிவிட்டது. நாமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் முடிந்த வியாபாரத்தைத் திருப்ப முடியாது என்று குவாய்னின் சொந்த விதிமுறையே சொன்னது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஒப்பந்த மீறல் என்றே உறுதிசெய்தது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர், மேன்ஸ், மாறுபட்டார். விலையில் தவறு நடந்துவிட்டது என்பது குவாய்னின் வாதம். இயந்திரத்துக்கு மனசில்லை, அதனால் ப்ரோகிராம் எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்று பெரும்பான்மை நீதிபதிகள் பார்த்தார்கள். அதை உள்ளிருந்து விளக்க நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?

விளக்குவதிலும் தவறலாம். முதல் வருடம் நாற்பது வரி பைத்தானைத் திரையில் போட்டேன். முன்வரிசைப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். அடுத்த வருடம் திரையை அணைத்துவிட்டுக் கதையாகச் சொன்னேன். தேக்கா மார்க்கெட் கடைக்காரர் ஒருவர் பையனிடம் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்: விலைப்பட்டியல் வராத நாளில் வெங்காயம் கிலோ 500 வெள்ளி. ஒருநாள் பட்டியல் வரவில்லை. வாங்க வந்ததும் இன்னொருவர் அனுப்பிய பையன். விலை கேட்காமல் வாங்கிப் போய்விட்டான்.

"சார், சீட்டு எழுதும்போது அவர் என்ன நினைத்தார் என்று எப்படி நிரூபிப்பது?" என்று ஒரு மாணவர் கேட்டார். மீதி நேரம் முழுக்க, கோட்டை மாற்றும்போதெல்லாம் என்ன மாற்றினோம் என்று எழுதும் கமிட் மெசேஜ்களையும், ப்ரோகிராமர்கள் கோட்டுக்குள் எழுதிவைக்கும் குறிப்புகளையும் சாட்சியமாகப் படிப்பது பற்றிப் பேசினோம். அன்று வகுப்பு இருபது நிமிடம் தாமதமாகத்தான் முடிந்தது.