பழைய போட் பார்க்கப் போனா முதல்ல மோட்டர் மேல கையை வைங்க

செகண்ட் ஹேண்ட் பைபர் போட் பார்க்கப் போறீங்கன்னா விலை பேசுறதுக்கு முன்னாடி அவுட்போர்டு மோட்டர் (போட்டுக்குப் பின்னாடி வெளியில மாட்டுற இன்ஜின்) மூடியைக் கழட்டி சிலிண்டர் பக்கம் லேசா தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா அன்னைக்கு எதுவும் முடிவு பண்ணாம திரும்பிடுங்க, நாளைக்கு விடியக்காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் கை வைக்காதீங்கண்ணேன்னு சொல்லிட்டு வாங்க.

ஏன்னா வீக்கான மோட்டர் எல்லாம் ஆறிக் கிடக்கும்போதுதான் மாட்டிக்கும், பத்து தடவை கயிறு இழுத்தாலும் பிடிக்காது, பிடிச்சாலும் புகையா தள்ளும். நீங்க வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஓட்டி வச்சுட்டா ஒரே இழுப்புல கிளம்பிடும், நான் ஏமாந்தது அப்படித்தான், கேட்டா "அப்ப நல்லாத்தானே ஓடுச்சு"ன்னு ஒரே பதில், அட்வான்ஸும் திரும்ப வரல.

ஸ்டார்ட் ஆனதும் மோட்டர் பின்னாடி இருக்கிற சின்ன ஓட்டை வழியா தண்ணி நூல் மாதிரி பீச்சுதான்னும் பாருங்க, வரலைன்னா இம்பெல்லர், அதாவது மோட்டர் சூடாகாம இருக்க தண்ணியை உள்ள இழுக்கிற ரப்பர் சக்கரம், போயிருக்கலாம், இல்ல தண்ணி வர்ற வழி அடைச்சிருக்கும். கரையில வச்சே பார்க்கிறதா இருந்தா கீழ்ப்பகுதியை ட்ரம் தண்ணியில முக்கி வச்சு ஓட்டணும், வெறுமனே ஓட்டினா அந்த ரப்பர் கருகிடும்.

போட் அப்பத்தான் கடலுக்குப் போய் வந்திருந்தா சூடா இருக்கிறது சகஜம், அதுக்காக ஆளை சந்தேகப்படாதீங்க. மோட்டர் இல்லாம வெறும் போட் மட்டும் வாங்குறவங்களுக்கு இது தேவைப்படாது.