ஏரியை அறிந்து தூண்டில் போடுதல்: வட மின்னசோட்டாவின் சிறிய ஏரிகளுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பத்து ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகள் மட்டும் 11,842 இருக்கின்றன. மில் லாக்ஸ், லீச் போன்ற பெரிய ஏரிகளில் என்ன மீன் எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆட்கள் பலர் உண்டு. பிரெய்னர்டுக்கும் பெமிட்ஜிக்கும் இடையே பைன் காடுகளுக்குள் கிடக்கும் நூறு, இருநூறு ஏக்கர் ஏரிகளைப் பற்றிச் சொல்ல அப்படி எவரும் இல்லை. அங்கே தூண்டில் போடப் போகிறவர் தானாகத்தான் அந்த ஏரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தேவையான செய்திகளில் பெரும்பகுதி வீட்டில் உட்கார்ந்தபடியே இலவசமாகக் கிடைக்கிறது என்பதும், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள் என்பதும்தான் இதை எழுதக் காரணம்.

மாநில இயற்கை வளத்துறை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏரிகளில் வலை போட்டுக் கணக்கெடுத்து, முடிவுகளை ‘லேக்ஃபைண்டர்’ என்ற இணையச் சேவையில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஏரியின் பெயரைத் தேடும்போது மாவட்டத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். ‘லாங் லேக்’, ‘மட் லேக்’ என்ற பெயர்களில் மாநிலம் முழுவதும் ஏராளமான ஏரிகள் இருப்பதால், வேறோர் ஏரியின் கணக்கை நம்பிப் போய்விடுவது எளிது. அறிக்கை கையில் கிடைத்ததும் முதலில் பார்க்க வேண்டியது ஆய்வு நடந்த ஆண்டு. சிறிய ஏரிகளில் இரண்டு ஆய்வுகளுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுவதுண்டு. பத்தாண்டுப் பழைய அறிக்கையும் ஏரியின் இயல்பைச் சொல்லும். இந்த ஆண்டு எந்த அளவு மீன் சிக்கும் என்பதை அதனால் சொல்ல முடியாது.

வலை சொல்வதும் சொல்லாததும்

அறிக்கையின் அட்டவணையில் ஒவ்வொரு மீனுக்கும் எதிரே ‘ஒரு வலைக்கு இத்தனை’ என்ற எண் இருக்கும். இது ஏரியில் உள்ள மீன்களின் மொத்த எண்ணிக்கை அன்று. ஒரே வகை வலையை ஒரே முறையில் ஓர் இரவு போட்டு வைத்தால் எத்தனை சிக்கின என்பதுதான் அதன் பொருள். ஆழமான பகுதியில் போடும் செவுள் வலை 250 அடி நீளமும் 6 அடி உயரமும் கொண்டது. அதில் ஐம்பது ஐம்பது அடியாக ஐந்து துண்டுகள் உண்டு. முக்கால் அங்குலத்தில் தொடங்கி 2 அங்குலம் வரை ஒவ்வொரு துண்டுக்கும் கண்ணளவு மாறும். சிறியதும் பெரியதும் சிக்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. கரையோரத்தில் போடும் பொறி வலை வேறு விதமானது. கரையிலிருந்து நீரின் குறுக்கே நீளும் வேலி போன்ற வலை, ஓரமாக நீந்தி வரும் மீனைத் திருப்பி, வளையங்கள் கோத்த பைக்குள் அனுப்பிவிடும்.

எந்த மீனை எந்த வலையின் கணக்கில் பார்ப்பது என்பது முக்கியம். வால்ஐ, நார்தர்ன் பைக், மஞ்சள் பெர்ச் ஆகியவற்றுக்குச் செவுள் வலையின் எண்ணே நம்பத் தகுந்தது. புளூகில், கிராப்பி, கெளுத்தி இனத்தைச் சேர்ந்த புல்ஹெட் ஆகியவற்றுக்குப் பொறி வலையின் எண்ணைப் பாருங்கள். லார்ஜ்மவுத் பாஸ் இரண்டு வலைகளிலும் அதிகம் சிக்காது. ஆகவே அட்டவணையில் பாஸின் எண் குறைவாக இருப்பதைக் கண்டு அந்த ஏரியில் பாஸ் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீரில் மின்சாரம் பாய்ச்சி மீனைச் சற்று நேரம் மயங்கவைத்து எண்ணும் வசந்தகால ஆய்வு நடந்திருந்தால், பாஸைப் பற்றி அதுதான் சரியான தகவல் தரும்.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘வழக்கமான வரம்பு’ என்று இரண்டு எண்கள் இருக்கும். மின்னசோட்டாவின் ஏரிகளை ஆழம், பரப்பு, நீரின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதே வகையைச் சேர்ந்த ஏரிகளில் நடுப்பாதி எந்த அளவுக்குள் அடங்குகிறது என்பதை அந்த வரம்பு காட்டுகிறது. ஓர் ஏரியை அதன் இனத்தோடு ஒப்பிடவே இது உதவும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வரம்பை மிஞ்சிய எண்ணைக் கண்டதும் மகிழ்ந்து கிளம்பிவிடுகிறார்கள். சிறிய ஏரியில் எண்ணிக்கை கூடினால் பெரும்பாலும் உருவம் குறையும்; இரை எல்லாருக்கும் பங்கிடப்படுவதால் எந்த மீனும் முழு வளர்ச்சி அடைவதில்லை. கற்பனையாக ஓர் ஏரியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 180 ஏக்கர். ஒரு செவுள் வலைக்கு 14 பைக், 2 பெர்ச், 1 வால்ஐ. ஒரு பொறி வலைக்கு 35 புளூகில், அவற்றின் சராசரி நீளம் ஐந்தரை அங்குலம். இந்த ஏரியில் நாள் முழுவதும் தூண்டில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் வருவதெல்லாம் சுத்தியல் பிடி போன்ற ஒல்லிப் பைக்கும் உள்ளங்கைக்குள் அடங்கும் புளூகிலுமாகத்தான் இருக்கும். பெர்ச்சின் எண் இவ்வளவு தாழ்ந்திருப்பதற்கும் அதைத் தின்னும் அந்தப் பைக் கூட்டமே காரணமாக இருக்கலாம். இதற்கு மாறாக, வலைக்கு 4 பைக் மட்டுமே சிக்கி, அவற்றின் சராசரி எடை மூன்று, நான்கு பவுண்டு என்றிருந்தால், பெரிய மீனுக்காகக் காத்திருப்பவர் போக வேண்டிய இடம் அதுதான். எண்ணையும் எடையையும் நீள அட்டவணையையும் சேர்த்துப் பார்க்காமல் எந்த ஏரியையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வால்ஐ மீனுக்கு இன்னொரு பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1965 முதல் மாநிலத்தின் அடையாள மீனாக இருக்கும் வால்ஐ, பனிக்கட்டி உருகியதும் அலையடிக்கும் கூழாங்கல் கரைகளிலோ ஓடும் ஆற்று நீரிலோ முட்டையிடுவது. காட்டுக்குள் காற்றுப் படாமல் கிடக்கும் சிறிய ஏரியில் அத்தகைய இடம் அரிது. அதனால் இந்த ஏரிகளின் வால்ஐ பெரும்பாலும் துறையினர் விட்ட குஞ்சுகளிலிருந்து வளர்ந்தவை. எந்த ஆண்டில் எத்தனை விட்டார்கள் என்ற பட்டியலும் லேக்ஃபைண்டரில் உண்டு. மே மாதத்தில் விடும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நுண்குஞ்சுகளில் பெரும்பகுதி அழிந்துபோகும். இலையுதிர் காலத்தில் விடும் விரலளவுக் குஞ்சுகளுக்குப் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். விட்ட ஆண்டிலிருந்து எண்ணினால் நான்காம் கோடை வாக்கில் அவை பொதுவாகப் பதினான்கு, பதினைந்து அங்குலத்தை எட்டும். ஆகவே இந்த ஆண்டுக்கு நான்கைந்து ஆண்டுகள் முன்னால் நல்ல அளவில் குஞ்சு விட்ட ஏரியைத் தேடுங்கள். பல ஆண்டுகளாக எதுவும் விடாத சிறிய ஏரியில் வால்ஐயை எதிர்பார்த்துப் போவது வீண்.

பனிக்காலம் அழித்துவிடும் கணக்கு

ஆழமற்ற ஏரி என்றால், கடந்த குளிர்காலம் எப்படி இருந்தது என்று கட்டாயம் விசாரியுங்கள். ஏரியின் மேல் பனிக்கட்டி மூடி, அதன் மேல் கனத்த வெண்பனியும் படிந்தால், நீருக்குள் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாமல் தாவரங்கள் உயிர்வளியை உண்டாக்குவதில்லை. மடிந்த இலைதழைகளோ அழுகி, இருக்கும் உயிர்வளியையும் தின்றுவிடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவுக்கு உயிர்வளி இறங்கும்போது புளூகில், பாஸ், வால்ஐ ஆகியவை தாக்குப்பிடிப்பது கடினம். பைக்கும் பெர்ச்சும் இன்னும் சற்றுத் தாங்கும். புல்ஹெட் எல்லாவற்றுக்கும் கடைசி. அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்துக்கு முன் எடுத்த ஆய்வறிக்கையால் பயனில்லை. வசந்தத்தில் கரை ஒதுங்கிய மீன்களைப் பார்த்தவர்கள் அருகிலுள்ள இரைக் கடையில் இருப்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எங்கே, எப்போது போடுவது

அறிக்கையில் உள்ள ‘கரையோர ஏக்கர்’ என்பது 15 அடிக்கும் குறைந்த ஆழமுள்ள பரப்பு. தாவரம் வளர்வதும், மீன் குஞ்சு பொரிப்பதும், இரை பெருகுவதும் இங்கேதான். இதோடு நீர்த்தெளிவையும் பாருங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் சோதித்துப் பார்த்த வெள்ளைத் தட்டின் வழிவந்ததைத்தான் இன்றும் கயிற்றில் கட்டி நீரில் இறக்குகிறார்கள். தட்டு கண்ணுக்கு மறையும் ஆழமே தெளிவின் அளவு. ஒன்பது அடியில் மறைந்தால், நீர்ச்செடிகள் ஏறத்தாழ பதினைந்து அடி ஆழம் வரை வளர்ந்திருக்கும் என்று எண்ணி, அந்தச் செடி வரிசையின் வெளி விளிம்பிலிருந்து தொடங்கலாம். பாஸ், பைக், பெரிய புளூகில் எல்லாம் அந்த விளிம்பை ஒட்டியே நடமாடும். நீர் தெளிந்த ஏரியில் வால்ஐ பகலில் ஆழத்துக்கு ஒதுங்கும். குறைந்த ஒளியில் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு இருப்பதால், பொழுது சாயும் நேரமும் விடியலும் காற்றடித்து அலை எழும் மேகமூட்டமான பகலும் அதைப் பிடிக்க ஏற்றவை.

ஜூலை, ஆகஸ்டில் நீர் இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும்: மேலே வெப்பமான நீர், கீழே குளிர்ந்த நீர். இரண்டும் சந்திக்கும் இடம் சிறிய ஏரிகளில் பெரும்பாலும் 15 அடிக்கும் 25 அடிக்கும் இடையே இருக்கும். சத்து மிகுந்த ஏரியில் அதற்குக் கீழே உயிர்வளி இருக்காது. ஏரியின் பெரும ஆழம் நாற்பது அடி என்று படத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, கோடை வெயிலில் அந்தப் பள்ளத்தில் இரையை இறக்கி மணிக்கணக்கில் காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அங்கே மீன் மூச்சுவிடவே வழியில்லை. ஆழத்தையும் மீனையும் காட்டும் எதிரொலிக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் உணர்திறனைக் கூட்டினால், இரண்டு நீரும் சந்திக்கும் அந்த இடம் மங்கலான பட்டையாகத் திரையில் தெரியும். இரை அதற்கு மேலே நிற்க வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புளூகிலுக்கு மெல்லிய நரம்பு, சிறிய முள், ஒரு தக்கை, மண்புழுத் துண்டு போதும். பைக் உள்ள ஏரியில் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி கட்டாவிட்டால் அதன் பல் நரம்பை அறுத்துவிடும். நீண்ட மூக்குக் குறடு ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி இது. ஜூன் மாதத் தொடக்கத்தில், காற்றில்லாத காலையில், மூன்றடி நீருக்கு மேல் படகை மெல்ல நகர்த்திக் குனிந்து பாருங்கள். மணல் தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் ஒன்றையொன்று ஒட்டி, தேனடையைப் போலத் தெரியும். ஒவ்வொரு குழியின் மேலும் ஓர் ஆண் புளூகில் நின்று, வாலால் விசிறி முட்டைகளின் மேல் படியும் தூசியைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதன் மார்பு செம்மஞ்சளாகவும் செவுள் மூடியின் முனை கருமையாகவும் இருக்கும். சிறிய பெர்ச் ஒன்று அருகில் வந்தால் பாய்ந்து விரட்டிவிட்டு உடனே குழிக்குத் திரும்பும். அந்தக் குழிக்குள் எதை இறக்கினாலும் அது கவ்விவிடும் என்பதால், அதைப் பிடிப்பதைப் போல எளிய வேலை வேறில்லை.

அந்த எளிமையே அதற்குக் கேடாகிறது. பெரிய ஆண்கள் கூடு காக்கும் வரை, இளைய ஆண்களுக்கு நல்ல கூடு கிடைப்பது கடினம். அவை இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டு, தின்பதை உடல் வளர்ச்சிக்கே செலவிடும். பெரியவற்றை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டால் போட்டி நீங்கிவிடுகிறது. சிறியவை இளம் வயதிலேயே இனப்பெருக்கத்தில் இறங்குகின்றன. அத்தோடு அவற்றின் வளர்ச்சி தளர்ந்துவிடுகிறது. இந்த வடபகுதி நீரில் ஒரு புளூகில் எட்டு, ஒன்பது அங்குலத்தை எட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். ஒரு குளிர்காலத்தில் சிலர் சேர்ந்து எடுத்துவிட்டால், நூறு ஏக்கர் ஏரி மீண்டும் அந்த நிலைக்கு வர நெடுங்காலம் ஆகும், வராமலும் போகலாம். இதனால்தான் துறை சில ஏரிகளில் புளூகிலின் நாள் வரம்பை ஐந்து அல்லது பத்தாகக் குறைத்திருக்கிறது. விதி இல்லாத ஏரியிலும் ஆறு, ஏழு அங்குல மீன்களைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றை, குறிப்பாகக் கூட்டின் மேல் நிற்கும் ஆண்களை, விட்டுவிடுவதே முறை.

பைக்கின் கதை இதற்கு நேர்மாறு. இந்த ஏரிகள் அடங்கும் நடுவட மண்டலத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த விதி, நாளொன்றுக்குப் பத்துப் பைக் வரை எடுக்க இடம் தருகிறது. அவற்றுள் 26 அங்குலத்துக்கு மேற்பட்டவை இரண்டுக்கு மிகக் கூடாது. 22 முதல் 26 அங்குலம் வரை உள்ளவற்றை விட்டுவிட வேண்டும். கூட்டமாகிவிட்ட சிறியவற்றைக் குறைத்து, வளரும் நிலையில் உள்ளவற்றைக் காப்பதே நோக்கம். ஆகவே மேலே சொன்ன கற்பனை ஏரியில் இருபது அங்குலப் பைக்குகளை எடுத்துச் செல்வது ஏரிக்கே நன்மை. பைக்கின் சதைக்குள் இருக்கும் பிளவுபட்ட முள்ளெலும்புக்கு அஞ்ச வேண்டாம். உறையவைத்த பின் காடியில் ஊறப்போட்டால் அம்முள் மென்மையாகிவிடும் என்பது இங்குள்ளோர் நெடுநாள் கைக்கொள்ளும் முறை. விதிகள் மண்டலத்துக்கு மண்டலமும், சில இடங்களில் ஏரிக்கு ஏரியும் வேறுபடுவதால், அந்தந்த ஆண்டின் விதிநூலையும் படகுத் துறையில் நிறுத்தியுள்ள பலகையையும் படித்த பிறகே மீனைக் கூடையில் இடுங்கள். திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு தூண்டில், பனிக்கட்டியின் மேல் இரண்டு.

ஆழத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பனிக்காலத்தில் கிராப்பிக் கூட்டம் ஆழ்பள்ளங்களில் தங்கும். முப்பது அடிக்குக் கீழிருந்து மேலே இழுத்த மீனின் காற்றுப்பை விரிந்துவிடுவதால், திருப்பி விட்டாலும் அது பிழைப்பது அரிது. அந்த ஆழத்தில் பிடித்தவற்றை எடுத்துக்கொண்டு, சமையலுக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை மீதமிருக்கிறது. 1989-இல் டுலூத் துறைமுகத்தில் கண்டறியப்பட்ட வரிச் சிப்பி என்ற வெளியூர் உயிரினம், படகோடும் செடியோடும் ஒட்டிச் சென்று, இன்று மாநிலத்தின் பல ஏரிகளில் பரவியிருக்கிறது. படகிலும் இழுவை வண்டியிலும் ஒட்டிய செடிகளைக் கையால் நீக்குங்கள். அடியிலுள்ள வடிகால் அடைப்பைக் கழற்றி, சாலையில் செல்லும்போதும் அதைத் திறந்தே வையுங்கள். மீந்த இரை மீனை ஏரியில் கொட்டாமல், வாளியின் ஏரி நீரை வடித்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நீரை ஊற்றிக்கொள்ளுங்கள். மறுநாள் வேறோர் ஏரிக்குப் போவதாக இருந்தால், படகை நன்றாக உலரவிட்டே அதில் இறக்க வேண்டும்.