கறுப்புப் பாசியை நிறுத்தியது: ஒளியும் கரியமில வாயுவும்

மீன்களோடு நீர்ச்செடி வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் இலை ஓரமெல்லாம் கறுப்புப் பாசி குச்சம் குச்சமாகப் படர்ந்தால், உரத்தை நிறுத்தத்தான் முதலில் தோன்றும். அது வேண்டாம். என் தொட்டியில் கோளாறு, செடிக்காக நீரில் செலுத்தும் கரியமில வாயு ஒரே அளவில் நிற்காததுதான். ஒளி கூடக்கூடச் செடி வாயுவையும் உரத்தையும் அதிகம் கேட்கும். ஒன்று குறைந்தாலும் வளர்ச்சி தடைபட்டுப் பாசி முந்திக்கொள்ளும்.

முதலில் விளக்கு எரிவதை நாளுக்கு 10 மணி நேரத்திலிருந்து 6 மணி நேரமாகக் குறைத்தேன். விளக்கு எரிய 2 மணி நேரம் முன்பே வாயு திறந்து, அணைய 1 மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வைத்தேன். வாயு செலுத்தாத நீரின் பிஹெச் (அமிலத்தன்மை அளவு) 7.4 என்றால், விளக்கு எரியும் நேரத்தில் அது 6.4 அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

நீரிலுள்ள வாயு அளவை நிறத்தால் காட்டும் சிறு கருவி டிராப் செக்கர். 4 டிகேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை அளவு) கரைசல் ஊற்றிய அது இளம்பச்சை காட்டினால் வாயு ஏறக்குறைய 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு). அது ஓரிரு மணி நேரம் பிந்தியே நிறம் மாறும். அதனால் மீன்களைக் கவனியுங்கள்: மேலே வந்து வாய் பிளந்தால் உடனே வாயுவை மூடி, ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள்.

நைட்ரேட் 10–20, பாஸ்பேட் 1–2 பிபிஎம் போதும். வாரம் ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள். பாசி பிடித்த பழைய இலை தேறாது, வெட்டிவிடுங்கள். புதுத்தளிர் சுத்தமாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.