‘பொன்னியின் செல்வன்’ முடித்தவருக்கு அடுத்து என்ன கொடுப்பது?

எங்கள் கிளை நூலகத்துக்கு வருபவரிடம் ‘என்ன பிடிக்கும்?’ என்று நான் கேட்பதில்லை. எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடினீர்கள் என்று கேளுங்கள். உண்மை அங்கேதான் வரும்.

பிறகு ஒரே மண்ணிலிருந்து ஒரு கதையும் ஒரு கட்டுரை நூலும் எடுங்கள். ‘பொன்னியின் செல்வன்’ முடித்தவருக்கு இன்னொரு சரித்திர நாவலை நீட்டுவது சோம்பேறித்தனம். நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்து வேண்டாம், மிரண்டுவிடுவார். ஊர்ச்சபைகளைப் பற்றிய பகுதியைத் திறந்து காட்டுங்கள். உத்தரமேரூர்க் குடவோலைத் தேர்தல் எவரையும் உட்கார வைத்துவிடும். கூடவே தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’: அதே காவிரிக்கரை, ஆனால் அரசர்கள் இல்லாத கும்பகோணம்.

மூன்றாவது மெலிந்ததாக இருக்கட்டும். சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ ஒரே மாலையில் முடியும்.

தன்வரலாறு கேட்டால் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. தடிமனைக் கண்டு தயங்கினால், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது என்று சொல்லுங்கள். வாரம் ஓர் அத்தியாயம் போதும். மூன்றுக்கு மேல் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். நான்காவது பெரும்பாலும் திறக்கப்படாமலே திரும்பி வரும், அதுவும் தாமதக் கட்டணத்தோடு.