கங்கையில் ராஃப்டிங்: விழுவோம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்

ரிஷிகேஷுக்குப் போகும் நம் ஊர்க்காரர்கள் பலரும் கோயில், கங்கா ஆரத்தி எல்லாம் முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் அரை நாளில் ராஃப்டிங்குக்கு, அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றோடு துடுப்புப் போட்டுப் போவதற்கு, ஓடுகிறார்கள். தெருவுக்குத் தெரு ஆள் நிற்பார்கள். விலை படிந்தால் உடனே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள்.

நானும் முதல்முறை அப்படித்தான் போனேன். மார்ச் மாதம். 'கோல்ஃப் கோர்ஸ்' என்ற ரேபிட்டில் (ஆறு வேகமெடுத்து அலையடிக்கும் இடம்) ராஃப்ட் ஒரு பக்கமாகத் தூக்கியது. அடுத்த நொடி நான் தண்ணீருக்குள். தளர்வாக மாட்டியிருந்த லைஃப் ஜாக்கெட் மேலே ஏறி வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டது. மிதக்க வைக்க வேண்டியதே மூச்சை அடைத்த அந்தச் சில நொடிகளை நான் மறக்கவே இல்லை. அதனால் முதல்முறை போகிற எல்லோருக்கும் ஒன்று சொல்வேன்: நாம் விழத்தான் போகிறோம் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து ஜூன் வரை சீசன். ஜூலை, ஆகஸ்டில் மழை வெள்ளம், ராஃப்டிங்குக்குத் தடை. டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் குறைவு, ஆனால் குளிர் எலும்பைத் தொடும். மே, ஜூனில் பனி உருகி வரத்து ஏறும், கூட்டமும் ஏறும். புதியவர்களுக்கு அக்டோபர் கடைசி முதல் நவம்பர் வரை, இல்லையென்றால் மார்ச், ஏப்ரல் என்பது என் தேர்வு.

எந்த மாதம் போனாலும் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்துதான் கங்கையாகிறது. இரண்டின் மேலேயும் அணைகள் உண்டு. நீங்கள் இருக்கும் இடத்தில் மழையே இல்லாவிட்டாலும் தண்ணீர் ஏறலாம். நடுவில் மணல்கரையில் இறங்கினால் பைகளை மேடான இடத்தில் வையுங்கள்.

2. எங்கிருந்து இறங்குவது?

பிரம்மபுரியிலிருந்து ரிஷிகேஷ் வரை சுமார் 9 கிலோமீட்டர், எளிது. சிவபுரியிலிருந்து சுமார் 16. 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' இரண்டும் இந்தத் தூரத்தில்தான் வருகின்றன. அதற்கும் மேலே உள்ள மரைன் டிரைவிலிருந்து இறங்கினால் இன்னும் நீளம். கௌடியாலாவிலிருந்து என்றால் சுமார் 36 கிலோமீட்டர். 'தி வால்' என்ற பயங்கரமான ரேபிட் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது.

ரேபிட்களை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 3 என்றால் அலைகள் தாறுமாறாக இருக்கும், ஆள் தண்ணீரில் விழ வாய்ப்புண்டு. 4-இல் எல்லோரும் சொன்ன நொடியில் துடுப்புப் போட்டாக வேண்டும். 6 உயிரைப் பணயம் வைப்பது. வரத்து மாறினால் அதே ரேபிட்டின் குணமும் மாறும் என்பதால், போன வருடம் நண்பர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

உங்கள் குழுவில் தண்ணீருக்கு மிகவும் பயப்படுகிறவர் யாரோ, அவருக்கு ஏற்ற தூரம்தான் உங்கள் தூரம். முதல்முறை என்றால் பிரம்மபுரி போதும். தைரியமும் கொஞ்சம் நீச்சலும் இருந்தால் சிவபுரி. கௌடியாலா அடுத்த வருடம் இருக்கட்டும்.

3. கம்பெனிக்காரரிடம் கேளுங்கள்

உத்தராகண்ட் அரசின் அனுமதி இருக்கிறதா? கைடுக்கு உரிமம் உண்டா? கூடவே ஒரு சேஃப்டி கயாக் (விழுந்தவரை மீட்க வரும் சிறு படகு) வருமா? ஆள் விழுந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று பதில் வந்தால், சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். நல்ல கைடு, விழுந்தவரை எப்படி இழுப்பார் என்று கையைக் காட்டியே விளக்குவார். உங்கள் உடம்பைப் பற்றியும் கேட்பார்.

14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துப் போகக் கூடாது. கர்ப்பிணிகள், இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தோள்மூட்டு ஒருமுறை நழுவியவர்கள் கரையில் இருப்பதே நல்லது. குடித்துவிட்டு யாருமே ஏறக் கூடாது.

4. உடை, லைஃப் ஜாக்கெட்

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். பாலியஸ்டர் டிஷர்ட், டிராக் பேன்ட் போதும். துப்பட்டா வேண்டாம். காலில் பின்பட்டை உள்ள செருப்பு, கண்ணாடிக்குக் கயிறு. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை போட்டால் ஹெல்மெட் சரியாக உட்காராது. தாழப் பின்னிச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள்.

ஜாக்கெட்டின் பட்டைகளைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். அப்புறம் பக்கத்தில் நிற்பவரை, இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மேலே வேகமாகத் தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. வேறு கேளுங்கள், பின்னால் பத்துப் பேர் காத்திருந்தாலும் கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. மூச்சு விட முடிய வேண்டும், ஆனால் உள்ளே கை நுழையும் அளவுக்குத் தளர்வு இருக்கக் கூடாது. ஹெல்மெட் நெற்றியை மூடியிருக்க வேண்டும். தலையை ஆட்டினால் அதுவும் கூடவே ஆட வேண்டும், தனியாக நகரக் கூடாது.

5. கரையில் ஒத்திகை

'ஃபார்வர்டு' (முன்னால் துடுப்புப் போடு), 'பேக்' (பின்னால் போடு), 'ஸ்டாப்' (நிறுத்து), 'கெட் டவுன்' (ராஃப்டுக்குள் இறங்கி உட்கார்) என்று கைடு கத்துவார். ரேபிட்டின் இரைச்சலில் பாதிதான் காதில் விழும். வீட்டில் பெரியவர்களுக்கு இந்த வார்த்தைகள் பழக்கமில்லை என்றால், முந்தின நாள் இரவே அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ராஃப்டில் அவர்களை உங்கள் பக்கத்திலேயே உட்கார வையுங்கள்.

துடுப்பின் மேல்முனைப் பிடியை ஒரு கை எப்போதும் மூடியிருக்க வேண்டும். கை விட்டால் அந்தப் பிடிதான் பக்கத்தில் இருப்பவரின் பல்லை உடைக்கும். என் தம்பியின் உதட்டில் மூன்று தையல் அப்படி வந்ததுதான்.

6. விழுந்த பிறகு

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

மல்லாந்து படுங்கள். கால்கள் ஆறு போகும் திசையில், கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியட்டும். பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம். எழுந்து நிற்க மட்டும் முயலாதீர்கள். தொடையளவு தண்ணீர்தானே என்று காலை ஊன்றினால், பாதம் பாறை இடுக்கில் மாட்டிக்கொள்ளும். வேகம் உடம்பை முன்னால் தள்ளி முகத்தை அமுக்கிவிடும். பின்பக்கம் தரையில் தட்டும் அளவுக்கு ஆழம் குறைந்த பிறகு எழுந்தால் போதும்.

அலையின் உச்சியில் வாயைத் திறக்காதீர்கள். இரண்டு அலைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் மூச்சு இழுங்கள். ராஃப்டுக்கு அடியில் மாட்டினால், கைகளைத் தலைக்கு மேலே வைத்து அதன் அடிப்பரப்பைத் தள்ளிக்கொண்டு ஒரே திசையில் போங்கள், வெளியே வந்துவிடுவீர்கள். ராஃப்டுக்கும் பாறைக்கும் நடுவில் மட்டும் இருக்கக் கூடாது.

கைடு கையை நீட்டிக் காட்டும் பக்கம் நீங்கள் நீந்த வேண்டிய பக்கம். ஆபத்து இருக்கும் பக்கத்தைக் காட்ட மாட்டார். கயிறு அடைத்த பையை வீசினால், பையை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடியுங்கள், தோளுக்கு மேலாக நெஞ்சோடு அணைத்து மல்லாந்து படுத்திருங்கள். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கரையோரப் பாறைகளுக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாக இருக்கும். அதை 'எடி' என்பார்கள். நீந்திச் சேர வேண்டிய இடம் அதுதான்.

மற்றவரை மேலே இழுக்கும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, முழங்காலை ராஃப்டின் ஓரத்தில் ஊன்றிப் பின்னால் சாயுங்கள். உங்கள் எடையே அவரைத் தூக்கிவிடும்.

7. அன்றைய காலை

முடிந்தால் காலையிலேயே இறங்குங்கள். தண்ணீர் திடீரென்று கலங்கலாகியிருந்தாலோ, மேலே மலையில் மழை என்று சொன்னாலோ, பணம் போனாலும் பரவாயில்லை, அன்றைக்கு வேண்டாம். நடுவில் பயம் வந்தாலும் கைடிடம் சொல்லுங்கள். பெரிய ரேபிட்டுக்கு முன்னால் கரையில் இறக்கி நடக்க விடச் சொல்லலாம். அதற்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

உலர்ந்த துணி, துண்டு, கொஞ்சம் கடலை மிட்டாய் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, முடியும் இடத்துக்கு வரும் ஜீப்பில் கொடுத்தனுப்புங்கள். கரையேறியதும் யாராவது விடாமல் நடுங்கினாலோ பேச்சு குழறினாலோ, படம் எடுப்பதை நிறுத்திவிட்டு முதலில் அவருக்கு ஈரத்துணியை மாற்றி, போர்த்தி, சூடாக டீ வாங்கிக்கொடுங்கள்.